பின் சீற்றில் அம்மா இருக்கிறா

முதலே சொல்லிவிடுகிறோம், நாங்கள் கலைப்பீடம். எங்களில் ஒருத்தருக்கும் எஞ்சினியர் பட்டம் கிடைக்கப்போவதில்லை. வழமையாகப் படம், நாவல், கவிதை எண்டு எழுதிக்கொண்டு திரியிற நாங்கள் இந்த முறை சொக் அப்சோபரையும் ஸ்பிரிங்கையும் பற்றி எழுதுகிறோம். "உங்களுக்கு ஏன் உந்த வேலை" எண்டு கேக்கிற ஆக்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். ஏன் எண்டால் உந்த வேலையை அது தெரிஞ்ச ஆக்களிட்டை ஒருக்கால் விட்டுப் பாத்தோம். அதின் விளைவு ஒரு தேயிலைத் தோட்டத்து மண்மேட்டில் போய் முட்டி நிண்டது.

கதைக்கு முன்னால் கார். எங்களில் ஒருத்தியின் அப்பா வைத்திருப்பது ஒரு பழைய மஸ்டா 323. போர்ட் லேசர் எண்டு ஓடுவதும் பெயர் மாறின இதே கார்தான். இலங்கையில் இந்தக் கார்களுக்கெண்டே 1500 சீசீ வகுப்பில் தனிப் போட்டி நடத்துகிறார்கள், அந்தளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. மிஞ்சினதற்கும் காரணம் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், திரும்ப 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருசமும் எங்கட நாட்டுக் குடும்பங்கள் பழசைத்தான் ஒட்டி, தைத்து, வெல்ட் அடித்து ஓடினது. ஆகவே இங்கே "றேஸ் கார்" எண்டால் பெரும்பாலும் வீட்டுக் கார். கிழமையில் ஐந்து நாள் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும், மாதம் ஒருக்கால் அம்மாவை நுவரெலியா கிளினிக்குக் கொண்டுபோகும். வருசத்துக்கு இரண்டு தரம் கதவில் இலக்கம் ஒட்டிக்கொண்டு மலையேற்றப் போட்டியில் நிற்கும். ஓட்டுவது அப்பா இல்லை, மகள். அதைப் பற்றி வரும் நக்கல்களுக்கு இன்னொரு கட்டுரை தேவை.

இந்தக் காருக்கு என்ன ஸ்பிரிங், என்ன சொக்? நாங்கள் கேட்ட எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். கராச்சில், சாமான் கடையில், பஞ்சிகாவத்தையில், போட்டிக்கு வந்த அண்ணாமாரிட்டை, எல்லாரிட்டையும் கேட்டோம். "இறுக்கமாப் போடு. பதிச்சு விடு. அப்பத்தான் ஒட்டிக்கொண்டு நிக்கும்." ஒருத்தராவது "எந்த றோட்டில ஓடப்போறீங்கள்?" எண்டு திருப்பிக் கேட்கவில்லை.

நாங்களும் நம்பினோம். பாவிச்ச கொயிலோவர் செற் ஒண்டு, முன்னுக்கு 8 கிலோ, பின்னுக்கு 6 கிலோ. (ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமத்த எத்தனை கிலோ பாரம் வேணும் எண்டதுதான் இந்தக் கணக்கு. பெட்டியிலும் சுருளிலும் அடித்திருக்கும்.) காரின் ஒரிஜினல் ஸ்பிரிங் 2 கிலோவை ஒட்டினது. அதாவது முன்பக்கம் நாலு மடங்கு இறுக்கம். பூட்டி முடிய கார் நிலத்தோடு படுத்துக்கொண்டு வடிவாத்தான் நிண்டது. படம் எடுத்தோம். போட்டோம். கன பேர் இதயம் போட்டார்கள்.

போட்டியில் முந்தின வருசம் பழைய ஸ்பிரிங்கோடு ஓடின நேரத்தை விட 2 செக்கன் கூட எடுத்தது. மேல் வளைவில் ஒட்டுப்போட்ட தார். அதில் பின் ரயர் நிலத்தில் இருந்த நேரத்தை விடக் காற்றில் இருந்த நேரம்தான் கூட எண்டு வீடியோவில் தெரிகிறது. அதைக் கூட விட்டுவிடலாம். இரண்டு கிழமை கழித்து, கிளினிக் முடிந்து நானுஓயாப் பக்கம் மழையில் வரும்போது, ஓடின வேகம் 40 கூட இல்லை, ஒரு வளைவின் நடுவில் இருந்த கிடங்கில் பின்சில்லு இறங்கி ஏற, கார் சுழன்று மண்மேட்டில் முட்டி நின்றது. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. மேட்டுப் பக்கம் சுழன்றதால் ஒண்டும் இல்லை. மற்றப் பக்கம் என்ன இருந்தது எண்டு அந்தப் பாதையில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பின் சீற்றில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம் புள்ள, இந்தக் காருக்கு நம்ம மேல என்ன கோவம்?" எண்டு மட்டும் கேட்டா.

2024 ஏப்ரல் 21 தியத்தலாவையில் பொக்ஸ்ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் போனது, ஏழு பேர் செத்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும். அந்த விபத்தை நாங்கள் ஒரு ஸ்பிரிங்கின் தலையில் போட வரவில்லை. கார் பாதையில் நிற்பதும் விலகுவதும் ஓட்டுபவரின் சொந்த வீரம் மட்டும் எண்டு இனி இந்த நாட்டில் ஒருத்தரும் கதைக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, கணக்கு. எங்களைப் போல ஓ.எல்.லோடு கணிதத்தை விட்டவர்களுக்கும் விளங்கும், ஒரு வகுத்தல்தான்.

எங்கட கார் கிட்டத்தட்ட 900 கிலோ. எஞ்சின் முன்னுக்கு இருப்பதால் முன்சில்லு ஒவ்வொன்றிலும் ஏறுவது ஏறத்தாழ 280 கிலோ. சில்லு, பிறேக், கொம்பு எண்டு ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவதைக் கழித்தால், ஸ்பிரிங் சுமப்பது 250. பின்னுக்கு ஒவ்வொன்றிலும் 145. ஸ்பிரிங் கொஞ்சம் சரிவாக நிற்பதால் சில்லுக்கு வந்து சேருவது அதின் இறுக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு எண்டு வைப்போம். (இது ஸ்ட்ரட் காருக்கு. இரட்டைக் கை வைத்த பழைய சிவிக் போன்றவற்றில் ஸ்பிரிங் கையின் நடுவில் நிற்பதால் பாதி கூடச் சேராது. சிவிக்காரன் போட்ட 8 கிலோவை மஸ்டாக்காரன் கொப்பி அடிக்கக் கூடாது எண்டதற்கு இந்த ஒரு காரணமே காணும்.)

இப்ப 250 ஐ 1.8 ஆல் வகுங்கள். 139. ஒரிஜினல் ஸ்பிரிங்கில் கார் தன்னுடைய பாரத்திலேயே 139 மில்லிமீற்றர் அமர்ந்து நிற்கிறது. 8 கிலோ ஸ்பிரிங்கில் 250 ஐ 7.2 ஆல் வகுத்தால் 35. பின்னுக்கு 145 ஐ 5.4 ஆல் வகுத்தால் 27.

அந்த 35 உம் 27 உம் என்ன எண்டு யோசியுங்கள். சில்லு ஒரு கிடங்கில் இறங்கும்போது அதைக் கீழே தள்ளுவது அமர்ந்து நிற்கும் அந்த ஸ்பிரிங்தான். அது 27 மில்லிமீற்றர் நீண்டவுடன் அதின் தள்ளு முடிந்தது. கிடங்கு அதை விட ஆழம் எண்டால் சில்லு சும்மா தொங்குகிறது, ரயர் நிலத்தைத் தொட்டாலும் பிடிப்பதற்கு மேலே பாரம் இல்லை. 27 மில்லிமீற்றர் எண்டால் ஒரு பெருவிரல் அகலத்தை விடக் கொஞ்சம் கூட. தலவாக்கலையிலிருந்து மேலே போகும் பாதையில், தோட்டத்துக்குள் இறங்கும் பாதையில், ஏன், யாழ்ப்பாணத்துக் குச்சொழுங்கையில், பெருவிரலை விட ஆழம் குறைந்த கிடங்கு எங்கேயாவது இருக்கா?

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். 15.8 ஐ அந்த மில்லிமீற்றரின் வர்க்கமூலத்தால் வகுத்தால், கார் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் மேலும் கீழும் ஆடும் எண்டு வரும். ஒரிஜினலில் முன்னுக்கு 1.3. சாதாரண வீட்டுக் கார்கள் எல்லாம் 1க்கும் 1.5க்கும் இடையில் நிற்பது. காற்றால் அமத்துகிற சிறகு இல்லாத, சமதரையில் ஓடும் றேஸ் கார்கள் 2 தொடக்கம் 2.5. எங்கட பின்பக்கம் 3.0. சிறகு வைத்த போர்முலாக் கார்களின் இலக்கம். எங்களிட்டை சிறகு இல்லை. பூட்டில் அரிசி மூட்டை இருந்தது.

"இறுக்கினாத்தான் பாரம் சாயாது" எண்டு ஒரு வேதவாக்கு இருக்கு. கராச்சுக்குக் கராச் கேட்கலாம். வளைவில் உள்பக்க ரயரிலிருந்து வெளிப்பக்க ரயருக்கு மாறும் பாரத்தைத் தீர்மானிப்பது காரின் நிறை, எவ்வளவு கடுமையாகத் திரும்புகிறது, பாரத்தின் நடுமையம் எவ்வளவு உயரம், இரண்டு சில்லுக்கும் இடையில் எவ்வளவு அகலம், இந்த நாலும்தான். 900 கிலோ கார், 50 சென்ரிமீற்றர் உயரம், 140 அகலம், புவியீர்ப்பின் 0.8 பங்கு வேகத்தில் திரும்பினால், கிட்டத்தட்ட 257 கிலோ மாறும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. உங்கட ஸ்பிரிங் தும்புக்கட்டாக இருந்தாலும் இரும்புலக்கையாக இருந்தாலும் 257 தான். ஸ்பிரிங் மாத்துவது அந்த 257 இல் எவ்வளவு முன் ரயருக்கு, எவ்வளவு பின் ரயருக்கு எண்டதைத்தான். பின்னை அளவுக்கு மீறி இறுக்கினால் பின் ரயர் தன் பங்கை விடக் கூடச் சுமந்து முதலில் பிடி விடும். மழையில், வளைவில், கிடங்கில். நாங்கள் அதைப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டோம், நீங்கள் செய்யத் தேவையில்லை.

பதிப்பது இன்னும் மோசம். ஸ்ட்ரட் காரை ஒரு எல்லைக்கு மேல் பதித்தால் கீழ்க் கை மேல்நோக்கிச் சரிகிறது; காரின் உடம்பு சாய்கிற அச்சு, உடம்பு இறங்கினதை விட வேகமாகக் கீழே போகிறது. அதாவது பதித்த கார் சாய்வதற்கு இன்னும் நீளமான நெம்புகோலைக் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சாய்வை மறைக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் தேடுகிறோம். கீழ்க் கை நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்கிறதோ எண்டு குனிந்து பார்க்க ஒரு நிமிசம் காணும். குனிந்தால் படத்துக்கு வடிவாக இராது போல.

ஸ்பிரிங்கை வெட்டுகிற ஆக்களுக்கு மட்டும் கொஞ்சம் காரமாகச் சொல்லவேண்டும். ஆறு சுற்று வேலை செய்கிற சுருளில் ஒரு சுற்றை வெட்டினால் அது 20 வீதம் இறுகும், அது சின்ன விசயம். சில்லு முழுசாய்த் தொங்கும்போது வெட்டின ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் இறுக்கமாக நிற்காது, திரும்ப ஏறும்போது பிசகி உட்காரலாம். மற்ற நேரம் முழுக்கக் கார் பம்ப் றப்பரில்தான் ஓடும். அது ஸ்பிரிங் இல்லை, கடைசித் தடுப்பு. அதில் ஓடுவதும் ஸ்பிரிங்கே இல்லாமல் ஓடுவதும் ஒண்டுதான். பல்கலைக்கழக வாசலில் வெட்டின காரோடு வந்து நிற்கிற தம்பிமார், உங்கட கார் "றேஸ்" எண்டு ஆடவில்லை. அது நொண்டுகிறது.

ஏன் இந்தப் பிடிவாதம் எண்டு நாங்கள் கன நாள் யோசித்தோம். இறுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, இடுப்புக்கும் தெரிகிறது. சொக்கின் வேலை கண்ணுக்குத் தெரியாது. ஆட்டத்தைத் தாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவன் ஆம்பிளை, "மெல்லமா இருக்கட்டும்" எண்டு சொல்கிறவள் பயந்தாங்கொள்ளி எண்டு ஒரு கணக்கும் உள்ளுக்குள் ஓடுகிறது. எங்களில் ஒருத்தி 3 கிலோ ஸ்பிரிங் கேட்டபோது, "தங்கச்சி, அது லேடீஸ் செற்றிங்" எண்டு சொன்னார்கள். லோட்டஸ் கொம்பனியை உருவாக்கின கொலின் சப்மன் மெல்லிய ஸ்பிரிங்கும் நன்றாக அடக்குகிற சொக்கும் எண்ட வழியில்தான் கார் செய்து பேர் எடுத்தவர். அவரையும் லேடீஸ் செற்றிங் எண்டு சொல்லிவிடுங்கோ.

ஏன் எண்டால் ஆட்டத்தை அடக்குவது ஸ்பிரிங் இல்லை, சொக். ஸ்பிரிங் வாங்கின சக்தியைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அந்தச் சக்தியை எண்ணெயைத் துளைக்குள்ளால் பிதுக்கிச் சூடாக்கித் தீர்ப்பது சொக். ஸ்பிரிங் நாலு மடங்கு இறுகினால் அதே அளவு அடக்கத்துக்குச் சொக்கின் பலம் இரண்டு மடங்கு வேணும். பாவிச்சு எண்ணெய் கசிந்த சொக்கில் அது எங்கே இருந்து வரும்? எங்கட செற்றில் திருகுகிற குமிழ் ஒன்று இருந்தது, "32 கிளிக்" எண்டு பெருமையாகச் சொன்னார்கள். ஒன்றிலிருந்து 32 வரை திருகிப் பார்த்தோம். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் காரில் இதை விடக் கூட மாற்றம் தெரியும்.

சொக்கில் இன்னொரு குழப்பமும் இருக்கு. "ஹை ஸ்பீட், லோ ஸ்பீட்" எண்டு கதைப்பார்கள், அது காரின் வேகம் இல்லை, சொக்கின் தண்டு அசைகிற வேகம். வளைவில் உடம்பு சாய்வதும் பிறேக்கில் மூக்குக் குத்துவதும் மெல்ல அசைகிற அசைவு. கிடங்கும் ஒட்டுப்போட்ட தாரும் கடும் வேக அசைவு. நல்ல சொக் முதலாவதற்கு இறுகிக் கொடுத்து இரண்டாவதற்கு விட்டுக் கொடுக்கும். அப்பாவின் இடுப்பும் மகளின் போட்டி நேரமும் ஒரே சொக்கில் சமாதானமாக இருக்கலாம் எண்டது இதனால்தான். காசு இருந்தால் அந்தக் காசைப் போடவேண்டிய இடமும் அதுதான்.

சொக்குக்கும் முதல் ரயர். 6 வருசப் பழைய ரயரில் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. பிறகு கைகளின் புஷ், ஸ்ட்ரட்டின் தலைமவுண்ட். முப்பது வருசக் காரில் இவை றப்பராக இராது, பிட்டாக உதிரும். அதுக்குப் பிறகு சொக். ஸ்பிரிங் கடைசி. எங்கட நாட்டில் தலைகீழாகத்தான் செலவழிக்கிறோம்.

நாங்கள் கடைசியில் வந்து நின்ற இலக்கம் முன்னுக்கு 3, பின்னுக்கு 2. முன்னுக்கு 93 மில்லிமீற்றர் அமரும், செக்கனுக்கு 1.6. பின்னுக்கு 80, செக்கனுக்கு 1.75 அளவு. பின்பக்கம் கொஞ்சம் விரைவாக ஆடுவது வேண்டுமென்றே செய்தது. 1930களில் கடிலக்கில் வேலை செய்த மொரிஸ் ஒலி எண்ட ஆங்கிலேயர் நகர்த்தக்கூடிய பாரங்கள் ஏற்றின ஒரு காரில் ஓடி ஓடிக் கண்டுபிடித்த விசயம் அது: மேட்டில் முதலில் ஏறுவது முன்சில்லு, பின்சில்லு கொஞ்சம் பிந்தித்தான் ஏறும், பின்பக்கம் விரைவாக ஆடினால் பிந்தினதை எட்டிப்பிடித்து, கார் முன்னும் பின்னுமாய்த் தொட்டில் ஆடாமல் சமமாக அடங்கும். பின்னுக்கு அம்மாவும் அம்மம்மாவும் ஏறினால் ஒவ்வொரு பக்கமும் 60 கிலோ கூடி அது 1.5க்கு இறங்கும், அப்பவும் ஓட்டம் பிழையில்லை. இறக்கினது 20 மில்லிமீற்றர் மட்டும். மெல்லிய ஸ்பிரிங்குக்கு நீளம் வேணும் எண்டதை ஞாபகம் வைத்திருங்கோ. கட்டைச் சுருளில் 3 கிலோ வாங்கினால் கிடங்கில் சுற்றோடு சுற்று முட்டி இரும்புக் கட்டை ஆகிவிடும். சொக் நாலும் புதுசு, மீள்கிற பலத்தை மட்டும் மாத்தக்கூடியது. போட்டிக் காலையில் இரண்டு கிளிக் கூட்டி ரயர் காற்றைச் சரி பார்ப்போம், பின்னேரம் திருப்பி விடுவோம். ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லையோ? இருக்கு. ஸ்ட்ரட் கார் சாயச் சாய ரயரின் சரிவு கெடும், அதைக் குறைக்க ஓரளவு இறுக்கம் உதவும். ஒட்டுகிற றேஸ் ரயர் போட்டு, கண்ணாடி போல் காப்பட் போட்ட சுற்றுப்பாதையில் மட்டும் ஓடி, ட்ரக்கில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற கார் எண்டால் 8 கிலோ கூடச் சரியாக இருக்கலாம். உங்களிட்டை ட்ரக் இருக்கா?

1930களில் இருந்து மகாகஸ்தொட்ட மலைப்பாதையில் ஏறுகிறார்கள். அது தேயிலைக்குள்ளால் போகிற ஒடுக்கமான றோட்டு, சுற்றுப்பாதை இல்லை. பொக்ஸ்ஹில் மண். நாங்கள் ஓடுகிற இடங்கள் இவைதான், ஆனால் நாங்கள் கொப்பி அடிப்பதோ ஜப்பான்காரன் சுற்றுப்பாதைக்கெண்டு பெட்டியில் அடித்து அனுப்பின இலக்கத்தை. இன்னொரு நாட்டு றோட்டுக்கு எழுதின விடையை எங்கட கேள்விக்குப் போடுகிறோம். பின்காலனியம் படிக்கிற நாங்கள் இதைச் சொல்லாமல் விட்டால் விரிவுரையாளருக்குக் கோபம் வரும்.

இந்த வருசப் போட்டி இன்னும் வரவில்லை, நேரத்தை அப்பப் பாப்பம். கிளினிக்குக்கு மூன்று தரம் போய் வந்தாச்சு. மூன்றாவது தரம் ரதெல்லப் பக்கம் வரும்போது அம்மா நித்திரை.

அந்த 8 உம் 6 உம் செற் இப்ப ஹொஸ்டல் கட்டிலுக்குக் கீழே கிடக்கு. விலை கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்திட்டினம். குடுக்கலாம். ஆனால் வாங்க வாறவர் முதலில் அதைத் தன் காரில் பூட்டி, தானே பின் சீற்றில் இருந்து, நுவரெலியாவிலிருந்து ஹற்றன் வரை ஒருக்கால் வரவேணும். ஓட்டுறதுக்கு எங்களிட்டை ஆள் இருக்கு.